புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச்: சிறு நன்னீர் மீன்களுக்கான தூண்டில் நரம்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

தூண்டில் பொருட்கள் விற்கும் கடையில் நிறமற்ற நரம்பு, பாசிப்பச்சை, ஒளிரும் மஞ்சள், பொன்னிறம், நீலம், சிவப்பு என ஓர் அடுக்கு முழுவதும் நிறங்களாகவே இருக்கும். புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பெர்ச் என்று வட அமெரிக்காவில் பான்ஃபிஷ் என்ற ஒரே பெயரில் சேர்த்து அழைக்கப்படும் சிறு நன்னீர் மீன்களுக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதற்குப் பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகங்களில் விடை கிடைக்காது. ரொறன்ரோவிலிருந்து வாரஇறுதியில் சிம்கோ ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் தூண்டிலோடு புறப்படும் நம்மவர் பலர் மீனின் கண்ணுக்குத் தெரியாத நிறம் எது என்று மட்டுமே தேடுகிறார்கள். நரம்பைப் பார்க்க வேண்டிய கண் இன்னொன்றும் இருக்கிறது. அது தூண்டில் போடுபவருடையது. இம்மீன்களின் கடி மிக மெல்லியது என்பதால், நரம்பை மீன் கண்டுகொண்டதால் இழக்கும் மீன்களைவிட, நரம்பின் அசைவை நாம் காணாததால் இழக்கும் மீன்களே அதிகம் என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்தக் கருத்தை வைத்தே அமைந்துள்ளது.

படி 1: நீரின் தெளிவையும் நிறத்தையும் அளந்து பாருங்கள்

நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் நீரைப் பார்க்க வேண்டும். ஏரி ஆய்வாளர்கள் கறுப்பும் வெள்ளையும் கால்வட்டங்களாகப் பூசிய 20 சென்ரிமீட்டர் விட்டமுள்ள செக்கித் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை அளப்பார்கள். நமக்குத் தயிர் டப்பாவின் வெள்ளை மூடி போதும். நடுவில் துளையிட்டு, சற்றுக் கனமான ஈயத்தோடு ஒரு கயிற்றில் கட்டி, படகுத்துறையின் நிழல் விழும் பக்கத்தில் இறக்குங்கள். மூடி 3 மீட்டருக்குக் கீழும் தெரிந்தால் அது தெளிந்த நீர். 1 மீட்டருக்குள் மறைந்தால் கலங்கிய நீர். இடைப்பட்டதை நடுத்தரம் என்று கொள்ளலாம். இவை தூண்டிலுக்கான நடைமுறை எல்லைகளே தவிர அறிவியல் வரையறைகள் அல்ல.

மூடி மறையும் ஆழத்தோடு, மறைவதற்குச் சற்று முன் அந்த வெள்ளை எந்த நிறமாக மாறித் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். பாசி நிறைந்த ஏரியில் அது பச்சையாகவும், காட்டுச் சதுப்புகளிலிருந்து நீர் வந்து சேரும் கனடியக் கேடயப் பாறைப் பகுதி ஏரிகளில் பால் சேர்க்காத தேநீரின் நிறமாகவும் தெரியும். தெளிந்த நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்குகிறது. அதன் பெரும்பகுதி முதல் 5 மீட்டருக்குள் போய்விடும், நீலமும் பச்சையும் ஆழத்துக்குச் செல்லும். இலை தழை ஊறிய பழுப்பு நீரிலோ நிலைமை தலைகீழ்: அங்கே நீலம் முதலில் மறைந்து, மஞ்சளும் சிவப்புமே கீழே மிஞ்சும். ஒரு நிறம் எல்லா நீரிலும் மறையும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரே ஏரியும் காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்க-கனடிய எல்லையிலுள்ள சென் கிளேயர் ஏரியில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பிகள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. அவை நீரை வடித்து மிதவை உயிரிகளை உண்பதால், அவை பரவிய ஏரிகள் பலவற்றில் நீர் முன்னைவிடத் தெளிந்துவிட்டது. சிம்கோ ஏரியும் அவற்றுள் ஒன்று. எனவே, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரியில் தூண்டில் போட்டவர் தரும் ஆலோசனையை இன்றைய நீரோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே ஏற்க வேண்டும்.

படி 2: மீன் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கும் என்று தீர்மானியுங்கள்

நிறம் எடுபடுவதும் எடுபடாமல் போவதும் பெரும்பாலும் நரம்புக்குப் பின்னால் உள்ள பின்னணியைப் பொறுத்தது. அந்தப் பின்னணியை முடிவு செய்வது மீன் நிற்கும் இடம்.

கிராப்பியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்தவை. அது இரைக்குக் கீழே நின்று மேல்நோக்கிப் பார்த்து, மேலே எழும்பி விழுங்கும் பழக்கமுடையது. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் வெளியுலகம் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்பின் வழியாகவே தெரிகிறது. 1 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு நீர்ப்பரப்பில் அந்தச் சாளரத்தின் விட்டம் சுமார் 2.3 மீட்டர், அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஏரியின் அடியையும் களைகளையும் பிரதிபலிக்கும். இந்தச் சாளரத்துக்குள் செங்குத்தாகத் தொங்கும் நரம்பு பிரகாசமான வானத்தின் முன் வெறும் இருண்ட கோடாகத் தெரியும். மஞ்சளோ பச்சையோ நீலமோ, பின்னால் ஒளி இருக்கும்போது எல்லாமே நிழலுருவம்தான். ஆகவே கிராப்பிக்கு நிறத்தைவிடத் தடிப்பே முக்கியம்.

புளூகில் வேறு மாதிரி. அது இரைக்கு நேராக வந்து, சில சென்ரிமீட்டர் தூரத்தில் துடுப்புகளை மெல்ல அசைத்தபடி அப்படியே நின்று, இரையைப் பார்த்துவிட்டுச் சில வேளை திரும்பியும் போய்விடும். கோடைகாலத்தின் தொடக்கத்தில் ஆழமற்ற கரையோரத்தில் அவை கூடு கட்டும் நாட்களில், துறையின் மேல் குப்புறப் படுத்து நிழலுக்குள் எட்டிப் பார்த்தால் இதை வெறும் கண்ணாலேயே காணலாம். இம்மீன் நரம்பைப் பக்கவாட்டில், நீரின் சொந்த நிறத்துக்கு எதிரே பார்க்கிறது. ஒளியும் மேலிருந்து நரம்பின் மீது விழுகிறது. நிறம் உண்மையாகவே கணக்கில் வருவது இங்கேதான்.

மஞ்சள் பெர்ச் பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டிக் கூட்டமாக உலவுவது. கூட்டத்தில் போட்டி இருப்பதால் இரையை ஆராய்ந்து பார்க்க அதற்கு நேரம் குறைவு. கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும்போது நரம்பின் நிறத்துக்காகக் கவலைப்படத் தேவையில்லை. கூட்டம் மந்தமாகி ஒன்றிரண்டு மட்டும் வந்து போகும்போதே புளூகிலுக்குச் சொன்ன கவனம் இதற்கும் வேண்டும்.

இம்மீன்களால் நிறம் பிரித்தறிய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. புளூகிலும் கிராப்பியும் சேர்ந்த சென்ட்ரார்கிடே குடும்பத்து மீன்களின் விழித்திரையில் பச்சைக்கும் சிவப்புக்கும் கூர்மையான இரு வகைக் கூம்புச் செல்கள் இருப்பது ஆய்வுகளில் அறியப்பட்ட செய்தி. நமக்கு மூன்று வகை. சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகவே பிரித்தறியும். நீலப் பக்கத்தில்தான் அவற்றின் பார்வை நம்முடையதைவிடக் குறைவு.

படி 3: தடிப்பை முடிவு செய்த பின்பே நிறத்துக்கு வாருங்கள்

2 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பின் விட்டம் சுமார் 0.13 மில்லிமீட்டர், 4 பவுண்டு என்றால் ஏறத்தாழ 0.20; 6 பவுண்டு என்றால் அதற்கும் சற்றுக் கூடுதல். ஒளிரும் மஞ்சள் நிறமுள்ள 2 பவுண்டு நரம்பைவிட, நிறமற்றது என்று விற்கப்படும் 8 பவுண்டு நரம்பு மீனுக்கு எளிதில் தென்படக்கூடும். அதோடு, விறைப்பாக இருப்பதால் சிறு ஜிக்கின் (தலையில் எடை சேர்த்த முள்) இயல்பான அசைவையும் கெடுக்கும். பெரிய புளூகிலும் அரைக் கிலோவை எட்டுவது அரிது. களைகளும் மூழ்கிய மரங்களும் இல்லாத இடத்தில் 4 பவுண்டு போதும்; மரக்கிளைகளுக்குள் கிராப்பி தேடும்போது மட்டும் 6க்குப் போகலாம்.

நரம்பின் பொருளையும் இந்தப் படியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தங்கூசி என்று நாம் ஊரில் சொல்லும் நைலான் மோனோ மெதுவாகவே மூழ்கும், இழுபடும், விலை குறைவு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நைலானுக்கு அது சுமார் 1.53, ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு நரம்புப் பொருளுக்கு சுமார் 1.42. நீரோடு உள்ள இடைவெளி பாதிக்கும் கீழே குறைவதால்தான் ஃபுளோரோகார்பன் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. அது மறைந்துவிடுவதில்லை. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் அதைத் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்த நாளிலிருந்து ‘கண்ணுக்குத் தெரியாத நரம்பு’ என்ற விளம்பரம் ஓயவில்லை என்றாலும், ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பவருக்கு அது தெரியத்தான் செய்யும். பாலியெத்திலீன் இழைகளைப் பின்னிய பிரெய்ட் ஒளியை ஊடுருவ விடாதது, எந்த நிறமானாலும் அருகில் தெளிவாகத் தெரியும், நீரில் மிதக்கும்.

படி 4: பிரதான நரம்பை உங்கள் கண்ணுக்காகத் தேர்ந்தெடுங்கள்

ரீலில் சுற்றியிருக்கும் நரம்பில் நீருக்கு மேலே நிற்கும் பகுதியே அதிகம். அந்தப் பகுதியைப் பார்த்தே கடியை அறிய வேண்டியிருக்கிறது. கிராப்பி இரையை வாங்கிக்கொண்டு மேலே எழும்பும்போது தூண்டிற்கோலின் நுனி இழுபடாது. மாறாக, விறைப்பாக இருந்த நரம்பு திடீரெனத் தொய்ந்து, நீர்ப்பரப்பைத் தொடும் இடத்தில் ஒரு சிறு வளைவு விழும். மிதவையும் அமிழாது, சாய்ந்து படுக்கும் அல்லது நீரிலிருந்து ஒரு விரற்கடை உயரும். கையால் உணர முடியாத இந்தக் கடியைக் கண் மட்டுமே பிடிக்கும். நிறமற்ற நரம்பைப் பகல் வெளிச்சத்தில் நான்கைந்து மீட்டருக்கு அப்பால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது இளங்கண்களுக்கும் சிரமமான வேலை.

எனவே பிரதான நரம்பாக ஒளிரும் மஞ்சள் அல்லது மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் 4 பவுண்டு மோனோவை எடுத்துக்கொள்ளுமாறு இவ்வழிகாட்டி பரிந்துரைக்கிறது. இந்நிறங்கள் புற ஊதாக் கதிரை உள்வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுவதால், மேகமூட்டமான காலையிலும் துலக்கமாகத் தெரியும். இருண்ட களைத்திட்டுக்கும் மர நிழலுக்கும் முன்னால் மஞ்சளுக்கு இணையான நிறம் இல்லை. ஆனால் இலையுதிர்காலத்தில் கரையெங்கும் காய்ந்த நாணல் மஞ்சளித்து நிற்கும்போது அதே மஞ்சள் பின்னணியோடு கலந்துவிடும். அப்போது இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ உதவும். ஆண்கள் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு இருக்கும். அவர்கள் மற்றவர் சொல்லும் நிறத்தை அப்படியே வாங்காமல், பச்சைப் பின்னணியில் இரண்டு மூன்று நரம்புத் துண்டுகளைக் கட்டித் தூர நின்று பார்த்த பின் முடிவெடுப்பது நல்லது. முனைவாக்கப்பட்ட கறுப்புக் கண்ணாடி அணிந்தால் நீர்ப்பரப்பின் கண்கூச்சம் குறைந்து எந்த நிறமும் கூடுதலாகத் தெரியும்.

மிக மெல்லக் கடிக்கும் இம்மீன்களுக்குப் பிரதான நரம்பு முழுவதையும் ஃபுளோரோகார்பனாகச் சுற்றும் பழக்கத்தை, மிதவை பயன்படுத்துபவர்கள் விட்டுவிடலாம். நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியுள்ள அது, மிதவைக்கும் கோலின் நுனிக்கும் இடையே மூழ்கித் தொய்ந்து, நாம் சுண்டும்போது அந்தத் தொய்வையே முதலில் இழுக்க வைக்கும்.

படி 5: கடைசி ஒரு கை நீளத்தை மீனின் கண்ணுக்கு விட்டுவிடுங்கள்

மீன் இரையோடு சேர்த்துப் பார்ப்பது முள்ளுக்கு மேலே உள்ள சிறு நீளத்தையே. ஒளிரும் நரம்பின் நுனியில் 60 முதல் 90 சென்ரிமீட்டர் நீளமுள்ள நிறமற்ற ஃபுளோரோகார்பன் துண்டை, அதாவது லீடரை, சேர்த்துவிட்டால் இரு கண்களின் தேவையும் தீர்ந்துவிடும். மூடி 3 மீட்டருக்குக் கீழும் தெரிந்த நீரில், சலனமற்ற வெயில் நாளில், லீடரை ஒன்றரை மீட்டர் வரை நீட்டலாம். பிரதான நரம்பைவிட லீடர் ஒரு படி மெலிதாக இருக்கட்டும். சிக்கி அறுந்தால் லீடர் மட்டுமே போகும்.

இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதுமானது. இரு நரம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மோனோ பக்கம் நான்கைந்து சுற்றுகளும், பிரெய்ட் ஆனால் எட்டுச் சுற்றுகளும் போட்டு, இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் மெல்லிய ஃபுளோரோகார்பன் நெளிந்து வெண்மையாகும். அப்படி ஆன முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். நரம்பில் நழுவி ஏறி இறங்கும் வழுக்கு மிதவை பயன்படுத்துபவர்கள் முடிச்சுக்குச் சற்று மேலே ஒரு சிறு மணியும் அதன் கீழே பட்டாணி ஈயம் ஒன்றும் வைத்தால், வீசும்போது மிதவையின் குழாய் முடிச்சில் வந்து மோதிச் சிக்காது.

படி 6: நீருக்கு ஏற்றபடி இணையை மாற்றுங்கள்

தெளிந்த நீரில் மேலே சொன்ன மஞ்சளும் நிறமற்ற லீடரும் அப்படியே பொருந்தும். பச்சை நீரில் லீடராகப் பாசிப்பச்சை மோனோவைப் போட்டாலும் வேறுபாடு தெரியாது. ஃபுளோரோகார்பனுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மூடி 1 மீட்டருக்குள் மறையும் கலங்கல் நீரில், மிசிசிப்பி மாநிலத்தின் கிரெனடா ஏரி போன்ற தெற்கத்திய நீர்த்தேக்கங்களில் வசந்தகாலக் கிராப்பி தேடுபவர்களைப் போல, லீடரே இல்லாமல் ஒளிரும் நரம்பை நேரே ஜிக்கில் கட்டலாம். அங்கே மீன் இரையைக் காண்பதே பெரும்பாடு. பழுப்பு நீருக்குப் பொன்னிறமோ பழுப்போ பின்னணியோடு ஒத்துப்போகும்.

சிவப்பு நரம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரில் சிவப்பு ஒளி முதலில் மறைவதால் சிவப்பு நரம்பும் மறைந்துவிடும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஒளி மறைந்தால் பொருள் மறையாது. பிரதிபலிக்க ஒளியின்றி அது கருஞ்சாம்பல் நிறக் கோடாக நிற்கும். மேலும், நாம் இம்மீன்களைப் பிடிப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்தில். அவ்வளவு தூரத்துக்குச் சிவப்பு ஒளி கணிசமாகவே வந்து சேர்கிறது, இம்மீன்களின் கண்ணும் சிவப்பை நன்றாகப் பிடிக்கிறது. பழுப்பு நீரில் மிஞ்சுவதே சிவப்புப் பக்கத்து ஒளி என்பதால் அங்கே அது இன்னும் எடுப்பாகத் தெரியும். சிவப்பு நரம்பை வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பிரதான நரம்பாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். மறைக்கும் என்று நம்பி லீடராகப் போட வேண்டாம்.

நீல நரம்பு கரையில் நிற்பவரின் கண்ணுக்கு வெயிலில் நன்றாகத் தெரிவது. மாலை மங்கும்போது மஞ்சளுக்கு முன்பே கண்ணிலிருந்து போய்விடும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 7: பனிக்கட்டியின் மேல் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

குளிர்காலத்தில் சிம்கோ ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டுப் பெர்ச் பிடிக்கும்போது நிலைமை மாறுகிறது. அலையும் இல்லை, பாசியும் குறைவு என்பதால் நீர் மிகத் தெளிவாக இருக்கும். குளிரில் மந்தமான மீன் இரையை நெடுநேரம் பார்க்கும். நரம்போ துளைக்கு நேர் கீழே செங்குத்தாகத் தொங்கும். இங்கே 2 பவுண்டு நிறமற்ற ஃபுளோரோகார்பனை முழுமையாகச் சுற்றுவதில் தவறில்லை. மிதவையும் நெடுந்தூர வீச்சும் இல்லாததால் அது மூழ்குவது குறையல்ல, சிறு ஜிக் விரைவாக இறங்க உதவும். பிரெய்ட் நீரை உறிஞ்சி வெளிக்குளிரில் உறைந்து கோலின் வளையங்களை அடைத்துவிடும் என்பதால், வெப்பமூட்டிய கூடாரத்துக்கு வெளியே அதைத் தவிர்க்க வேண்டும்.

கடியைக் காண்பதற்கு இங்கே நரம்பைவிடக் கோலின் நுனியில் பொருத்தும் மெல்லிய கம்பிச் சுருளே கண்ணாகப் பயன்படும். அதன் முனையிலுள்ள மணி செம்மஞ்சளாக இருந்தால் வெண்பனிக்கு முன்னால் தெரியும். நரம்பையே பார்த்துப் பழகியவர்கள் கூடாரத்துக்குள், கறுத்துத் தெரியும் துளைக்கு முன்னால், பொன்னிற நரம்பைப் போட்டுக் கீழே ஒரு மீட்டர் லீடர் வைக்கலாம். திறந்த வெளியில் பனியின் மேல் வெள்ளை நரம்பும் நிறமற்ற நரம்பும் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. மிதித்து வெட்டுப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

படி 8: நிறம் மங்குவதைக் கவனித்து நரம்பை மாற்றுங்கள்

பாலியெத்திலீன் சாயத்தை எளிதில் பிடிப்பதில்லை. பிரெய்ட்டின் பச்சையும் மஞ்சளும் மேற்பூச்சாகவே இருப்பதால், ஒரு பருவத்துக்குள் முதல் சில மீட்டர்கள் வெளுத்துவிடும். அதனால் வலிமை குறையாது. கடைசி ஒரு மீட்டருக்குக் கறுப்பு மார்க்கர் பேனாவைக் கோடு கோடாகத் தடவி, உலரவிட்டுப் பயன்படுத்தலாம். அல்லது சுருளைத் தலைகீழாக மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம்.

ஒளிரும் மோனோ வெளுப்பதோ வேறு செய்தி. அதன் ஒளிரும் சாயத்தை மங்கச் செய்யும் அதே வெயில்தான் நைலானையும் பலவீனப்படுத்துகிறது. சுருளின் மேலடுக்கு மங்கிப் போய், பத்துப் பதினைந்து மீட்டர் உருவிய பின் உள்ளே புதிய நிறம் தெரிந்தால், அந்த மேலடுக்கை விரல்களுக்கிடையே ஓட விட்டுப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலும், முடிச்சுப் போட்டுச் சுண்டும்போது சட்டென்று அறுந்தாலும், அவ்வளவையும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதைக் கரையில் போடாமல், முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிச் சிறு துண்டுகளாக நறுக்கிய பின்பே குப்பையில் இடுங்கள். முழு நீளமாகக் கிடக்கும் நரம்பு வாத்துகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும். மீதி நரம்பைக் காரின் பின்கண்ணாடி அருகே வெயில் படும்படி வைக்காமல், துணிப் பைக்குள் இருட்டான இடத்தில் வைத்தால் மஞ்சள் அடுத்த பருவத்துக்கும் மஞ்சளாகவே இருக்கும்.